கால் அவதி

துளசிராமனின் வலது கால் செத்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, அந்தக் கால் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று வாரியம் முத்திரை குத்தி ஒப்புக்கொண்டிருந்தது. முத்திரையைப் படித்துப் பார்த்து அதன்படி நடந்துகொள்ளக் காலுக்குத்தான் படிப்பு போதவில்லை.

துளசிராமனுக்கு வயது ஐம்பத்து நான்கு. கவரப்பேட்டைக்கு மேற்கே ஒன்றேகால் ஏக்கர் நெல் நிலம் இருந்தது. நிலம் சோறு போடும். மற்றதற்கெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. ஆலையில் கொடுத்த பூட்ஸ் ஒன்பதாம் நம்பர், அவர் கால் ஏழாம் நம்பர். மிச்சமிருந்த இரண்டு நம்பர் இடத்தில் ஒருநாள் பழுக்கக் காய்ந்த இரும்புச் செதில் ஒன்று இறங்கிச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் குடியேறியது. அவருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் ரொம்ப நாள் ஆகிறது. வலிக்கவில்லை. வலிக்காததால் ஷிப்ட் முடியும்வரை செதிலின் மேலேயே நின்று வேலை பார்த்தார். மேஸ்திரி அன்றைக்கு அவரைப் பாராட்டவும் செய்தான்.

மூன்றாம் நாள் அவர் மனைவி ஈஸ்வரிதான் கண்டுபிடித்தாள். கண்ணால் அல்ல, மூக்கால்.

"இந்தாய்யா, ஊட்ல எலி எதுனா செத்துக் கெடக்குதா?"

இரண்டு பேரும் தேடினார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் இல்லை, பீரோவுக்கு அடியில் இல்லை, கட்டிலுக்குக் கீழேயும் இல்லை. கடைசியில் அது கட்டிலுக்கு மேலே, போர்வைக்குள் இருந்தது. சுண்டுவிரல் நாவற்பழம் மாதிரி கறுத்திருந்தது. பாதம் பாதிவரை சிவந்து, தொட்டால் சுட்டது.

மறுநாள் காலையில் வாரியத்துக்குப் போனார்கள். முழுப்பெயர் தொழிலாளர் அங்க நல வாரியம். ஆலைத் தொழிலாளிகளின் கை கால்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்டது. மூன்று மாடிக் கட்டடம். கால் நோயாளிகளைப் பார்க்கும் அறை மூன்றாவது மாடியில். லிப்ட் உண்டு, அது அதிகாரிகளின் அங்கங்களுக்கு.

மூன்றாவது மாடியில் டாக்டர் கிறிஸ்டினா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாரியத்தின் நடைமுறைகளை இன்னும் முழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் காலைப் பார்த்தாள்.

"வலிக்குதாய்யா?"

"இல்லீங்க டாக்டரம்மா. கொஞ்சங்கூட வலியே இல்ல" என்றார் துளசிராமன் பெருமையாக.

"அதுதான்யா எனக்குப் பயமா இருக்கு."

அவள் ஒரு பேனாவை எடுத்தாள். பாதத்தில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில், கணுக்காலுக்குக் கீழே, சுற்றிலும் ஒரு கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு மேல ஏறுச்சுன்னா விஷம் ஏறுதுன்னு அர்த்தம். ஏறலைன்னாலும் இன்னைக்கே சர்ஜன் பாக்கணும். இன்னைக்குப் போனா ஒரு விரலோட போகும். ரெண்டு நாள் விட்டா பாதம். அதுக்கு மேல விட்டா நான் சொல்ல மாட்டேன், நீங்க கேக்கவும் வேணாம்."

சீட்டில் 'அவசரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள். 'சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை' என்றும் எழுதினாள். கீழே ஒப்புதல் வாங்கிக்கொண்டு நேராகத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

"ஒப்புதல்லாம் எதுக்குய்யா, இப்பிடியே பஸ் ஏறிடலாம்" என்றாள் ஈஸ்வரி.

துளசிராமன் சுவரைக் காட்டினார். வாரியத்தின் அனுமதி பெறாமல் வெளியில் காட்டப்படும் அங்கங்களுக்கு வாரியம் பொறுப்பேற்காது என்று அங்கே எழுதியிருந்தது. அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். கஷ்டப்பட்டுப் படித்ததை மீறுவதற்கு அவருக்கு மனசு வராது.

கீழே மூன்றாம் நம்பர் ஜன்னலில் குமாஸ்தா பார்த்திபன் இருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"அவசரம்னு போட்டுக்கீதே?"

"ஆமா சார். ரொம்ப அவசரமாம்."

"சாதா சீட்டுன்னா நானே போட்டுக் குட்த்துடுவேன். அவசரத்துக்கு ராமஸ்வாமி சாருதான் கையெழுத்துப் போடணும். அவரு அவசரமா வெளிய போய்க்கீறாரு. நாளைக்கு வா."

"அப்ப சாதான்னு மாத்திக் குடுங்க சார்" என்றாள் ஈஸ்வரி.

பார்த்திபன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஏம்மா, அவசரமான காலை சாதான்னு போடச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

அன்றைக்கு அப்படிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே வந்திருந்தது. ஈஸ்வரி அதைக் காட்டி அழுதாள். துளசிராமன் அவளை அதட்டி, கால்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினார். வாரியத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. அன்றைக்குப் பாத நல வாரத்தின் நிறைவு விழா. மூன்றாவது மாடிவரை நொண்டி ஏறினார்கள். டாக்டர் அறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம்: பாத நல விழிப்புணர்வு முகாமுக்காக மருத்துவர் வள்ளூர் சென்றுள்ளார். பாதம் தொடர்பான நோயாளிகள் வாரம் முடிந்தபின் வரவும்.

கீழே விழா நடந்தது. இருந்த நோயாளிகளையெல்லாம் பிடித்து நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். துளசிராமனுக்குக் கிடைத்த நாற்காலிக்கு நேர் மேலே ஒரு பெரிய சுவரொட்டி. அதில் குழந்தைக் கால் மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு பாதம். 'பாதத்தில் புண்ணா? கருமையா? வீக்கமா? ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்!' அதை அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது.

பிறகு உறுதிமொழி. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். துளசிராமனும் நின்றார். வலிக்காத கால், நன்றாகவே நின்றது. ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல அவரும் திருப்பிச் சொன்னார்: "என் பாதம் என் பொறுப்பு. என் பாதத்தில் ஏற்படும் சிறு காயத்தையும் அலட்சியம் செய்ய மாட்டேன். உடனடியாக, உரிய படிவத்தில், உரிய வழியாக, உரிய அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுவருவேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்." மைக் இரண்டு முறை நின்றுபோனதால் உறுதிமொழியை மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் நின்றார். தண்ணீர் புகுந்த காலணிக்குள் மாதிரி பாதத்துக்குள் ஏதோ சளசளவென்றது.

துணை இயக்குநர் ராமஸ்வாமி பேச எழுந்தார். திருவள்ளூர் டவுன்காரர். நெற்றியில் தினமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் சிவப்புக் கோடு இழுப்பவர். கோடு விஷயத்தில் கண்டிப்பானவர்.

"அன்பர்களே! மற்ற வாரியங்களில் போன வருஷம் எத்தனை கால்களை வெட்டினார்கள் தெரியுமா? சொல்லவே நா கூசுகிறது. நம் வாரியத்தில் எத்தனை? பூஜ்யம்! எப்படி இந்தச் சாதனை? அறுவை சிகிச்சைக்கு அனுமதி கேட்டு நாற்பத்தாறு விண்ணப்பங்கள் வந்தன. நாற்பத்தாறிலும் நாங்கள் குறை கண்டுபிடித்தோம். ஒரு காலைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை! திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினோம். அவர்களில் முப்பத்தொரு பேர் திரும்பி வரவே இல்லை. குணமாகாமல் வராமல் இருப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்!"

கைதட்டினார்கள். துளசிராமனும் தட்டினார். அந்த முப்பத்தொரு பேரின் அதிர்ஷ்டத்தை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விழா முடிந்து மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் அழைத்துப்போனார்கள். ஒரு ஸ்டூலில் காலை வைக்கச் சொன்னார்கள். ராமஸ்வாமி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"டாக்டரம்மா போட்டாங்க சார்."

"கையெழுத்து எங்கே? தேதி எங்கே? முத்திரை எங்கே? நாளைக்கு நீயே இதை அழித்துவிட்டு வேற இடத்தில் போட்டுக்கொண்டு வந்தால்?" அப்புறம் சீட்டைப் படித்தார். காலைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "என்ன பார்த்திபன் இது? சிவப்பு கோட்டைத் தாண்டவில்லைன்னு சீட்டு சொல்றது. கால் வேற மாதிரி சொல்றதே. ஆவணமும் நோயாளியும் ஒத்துப்போக வேண்டாமா?"

"சீட்டைத் திருத்திடலாமா சார்?"

"டாக்டர் எழுதினதைத் திருத்தினால் குற்றம். கோட்டைத் திருத்து."

பார்த்திபன் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார். கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி, நேராக, அழகாக ஒரு புதுக்கோடு போட்டார். இப்போது சிவப்பு கோட்டுக்குள் வந்துவிட்டது. கோட்டின் மேல் வாரியத்தின் வட்ட முத்திரையைக் குத்தினார். மயிர்க்காலில் மை சரியாக ஒட்டாததால் இன்னொரு தடவை ஓங்கிக் குத்தினார். ராமஸ்வாமி அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுத் தேதி எழுதினார். மணி பன்னிரண்டே கால்.

"ஆச்சு. இனி இந்தக் கால் சட்டப்படி சரியா இருக்கு" என்றார்.

"சர்ஜனாண்ட போவணும்னு டாக்டரம்மா..." என்று ஈஸ்வரி இழுத்தாள்.

பார்த்திபன் சீட்டைப் புரட்டினார். நேற்றைய தேதி போட்டிருந்தது. வாரியத்தின் சீட்டுக்கு ஆயுசு ஒருநாள். அவர் வேறொரு முத்திரையை எடுத்தார். நீளமானது, சிவப்பு மை. 'அவசரம்' என்று எழுதியிருந்த இடத்தின் குறுக்கே அதை ஓங்கிக் குத்தித் துளசிராமன் கையில் கொடுத்தார். இன்னதென்று விளக்கம் சொல்வது வாரியத்தில் வழக்கமில்லை. விழாவுக்கு வந்த லட்டுப் பெட்டி வேறு அந்தப் பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது.

"அப்ப கூப்புடுவீங்களா சார்?"

"கூப்புட்டா வா" என்று சொல்லிக்கொண்டே பார்த்திபன் லட்டுப் பக்கம் போய்விட்டார்.

துளசிராமன் வாசலில் நின்று எழுத்துக் கூட்டினார். கா. லா. வ. தி. ஒருமுறை புரியவில்லை. இன்னொருமுறை சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மே, இங்க பாரு! குத்திட்டான்!"

"இன்னா குத்திக்கீறான்?"

"கால் அவதி! கால் அவதின்னு சிகப்புலயே குத்திக்கீறான். அவசரத்துக்கு மேல! எல்லாருக்கும் குத்துவானா இதை? பத்து பேரு நின்னாங்க, யாருக்குனா குத்தினானா?"

ஈஸ்வரிக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு மையைப் பார்த்து அவளும் நம்பினாள். வாரியத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தன் அவர்களுடைய அவதியை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். கண் கலங்கிவிட்டது.

சீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு தானியேல் எட்டிப் பார்த்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இன்னா நைனா, காலு லாரி டயர் மாதிரி ஊதிக்கினு கீது? வா, ஏறு. பெரிய ஆஸ்பத்திரில உட்டுட்டு வரேன்."

"போடா. எனக்குத் தனியா குத்திக் குட்த்துக்கீறாங்க. வெளிய காட்டினா கேன்சலாயிடும். கூப்புடுவாங்க" என்று கவரோடு எடுத்துத் தூர இருந்தே ஆட்டிக் காட்டினார் துளசிராமன். தானியேல் சிவப்பு மையைப் பார்த்தான். வண்டியில் ஆள் காத்திருந்ததால் போய்விட்டான்.

வாரியத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அது துளசிராமனுக்கும் தெரியும். ஆனாலும் அவதி என்று குத்தினவர்கள் விடுமுறை பார்ப்பார்களா என்று செல்போனைக் காதருகிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது.

"கோடு எங்க கீதுன்னு பாரும்மே. செகப்பு எங்க கீது?"

ஈஸ்வரி பார்த்தாள். "ரெண்டும் தெரியலய்யா. எல்லாம் ஒரே கறுப்பா கீது. சீலு மட்டும் தெரியுது."

"சீலு இருக்குதில்ல. அது போதும்."

திங்கட்கிழமை விடியும்போது அவர் பினாத்த ஆரம்பித்திருந்தார். ஈஸ்வரி ஓடிப்போய் தானியேலை இழுத்துவந்தாள். அவன் பையிலிருந்து சீட்டை உருவிக் கவரைக் கிழித்து, முதல்தடவையாகக் கிட்டத்தில் வைத்துப் படித்தான்.

"யக்கா, இது கால் அவதி இல்லக்கா. காலாவதி. மாத்திர அட்டைல போட்டிருக்குமே, எக்ஸ்பைரி, அது. தேதி முடிஞ்சி போச்சின்னு அர்த்தம்."

ஈஸ்வரி அவனையே பார்த்தாள். "எதுக்குடா தேதி முடிஞ்சுது? சீட்டுக்கா, காலுக்கா?"

தானியேல் சீட்டைக் கீழே போட்டான். துளசிராமனை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டான்.

திருவள்ளூரில் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. பார்த்த உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் சர்ஜன் ஒருத்தி வெளியே வந்து ஈஸ்வரியிடம் பேசினாள். "வியாழக்கிழமை வந்திருந்தா சுண்டுவிரல் மட்டும்மா. வெள்ளிக்கிழமை வந்திருந்தாகூட பாதி பாதத்தைக் காப்பாத்தியிருப்போம். இப்ப முட்டிக்குக் கீழ எடுத்தாதான் உயிரு." கைரேகை வைக்கும் காகிதத்தை நீட்டிவிட்டுக் கேட்டாள்: "ஆமா, கால்ல வட்டமா இன்னாம்மா அது? பச்சை குத்தினதா?"

எடுத்த காலை மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார்கள். தோல் முழுக்கக் கறுத்து உரிந்திருந்த அந்தக் காலில் முத்திரை மட்டும் அழியாமல் இருந்ததாம். நல்ல மை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டைகளை அக்குளில் கொடுத்துக்கொண்டு துளசிராமன் மறுபடி வாரியத்துக்குப் போனார். செயற்கைக் கால் கேட்டு விண்ணப்பம். அது கிடைத்தால் நாற்றங்காலுக்காவது இறங்கலாம் என்று ஒரு நினைப்பு. ரோஸ் பாதம் அதே சுவரில் இருந்தது. பார்த்திபனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்ததும் முத்திரை நம்பர் தெரிந்தது.

"அசல் எங்க?"

"எந்த அசல் சார்?"

"பதினேழாந்தேதி ஒரு கால்ல சீல் வெச்சிக் குட்த்துக்கீறோமே. அந்தக் காலு."

"எட்த்துட்டாங்களே சார். அதுக்குத்தான வந்துக்கீறேன்."

"எட்த்தா? எட்த்தத எங்க வெச்சிக்கீற?"

"எரிச்சிட்டாங்க சார்."

பார்த்திபன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். ராமஸ்வாமியே எழுந்து வந்தார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"வாரிய முத்திரை பதிந்த எதுவும் வாரியத்தின் ஆவணம். ஆவணத்தை யாருடைய அனுமதியின் பேரில் எரித்தீர்கள்? நான் போட்ட கையெழுத்து அதில் இருந்ததே! அந்தக் கால் சரியாக இருக்கிறது என்றுதான் எங்கள் பதிவேடு இன்றைக்கும் சொல்கிறது. இல்லை என்று நீ சொல்கிறாய். உன் வாயை நம்புவேனா, பதிவேட்டை நம்புவேனா?"

"கண்ணால பாருங்க சார்" என்று துளசிராமன் வேட்டியைத் தூக்கினார்.

"இல்லாததை எப்படிப்பா பார்ப்பது?"

ராமஸ்வாமி இரக்கமுள்ளவர். விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லித் தானே புரட்டினார். கடைசியில் முகம் தெளிந்தது. "அசல் தொலைந்தால் நகல் வைக்கலாம்னு இருக்கு."

"நகலுக்கு எங்க சார் போவேன்?"

ராமஸ்வாமி குனிந்து அவருடைய இடது காலைப் பார்த்தார். "ஒரே ஆள். ஒரே அளவு. பிறந்த தேதியும் ஒன்றுதான். இதைவிட நல்ல நகல் உனக்கு எங்கே கிடைக்கும்?"

ஸ்டூல் வந்தது. இருந்த ஒரு காலையும் ஸ்டூலில் வைத்துவிட்டால் நிற்பதற்கு வேறு கால் இல்லாததால் இரண்டு பியூன்கள் அவரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பார்த்திபன் இடது பாதத்தின் மேல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினார். ராமஸ்வாமி கையெழுத்துப் போட்டார். படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள்.

பதினைந்து நாளில் பதில் வந்துவிட்டது. வாரியத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. தானியேல்தான் படித்துக் காட்டினான்: "தாங்கள் இணைத்துள்ள உண்மை நகல் பரிசீலிக்கப்பட்டது. அதில் புண், கருமை, சிவப்பு எதுவும் காணப்படவில்லை. கால் முழுமையாகவும் நல்ல நிலையிலும் உள்ளது. எனவே செயற்கைக் கால் கோரும் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நகலில் மாற்றம் ஏதும் ஏற்படின் நேரில் தெரிவிக்கவும்."

அன்றைக்குச் சாயங்காலம் ஈஸ்வரி தேங்காய் நாரையும் துணி சோப்பையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த முத்திரை வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அவளுக்கு வெறி. பாத்திரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்ப்பது மாதிரி தேய்த்தாள். வாய்க்கு வந்தபடி வாரியத்தைத் திட்டிக்கொண்டே, கண்ணீர் மறைக்க மறைக்க, தேய்த்துக்கொண்டே இருந்தாள். மை போகவில்லை. துளசிராமன் வாசல் வழியாகத் தரிசாகக் கிடந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று அவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு வலித்திருக்க வேண்டும். எட்டு வருஷச் சர்க்கரை ஒரே காலோடு நின்றுவிடுமா?

நான்காம் நாள் விடிகாலையில் ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். இந்தத் தடவை அவள் எலியைத் தேடவில்லை. நேராகப் போர்வையை விலக்கினாள். விலக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி, தெருவே எழுந்துகொள்ளும்படி தானியேலைக் கூப்பிட்டாள்.

தானியேல் சட்டைகூடப் போடாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். துளசிராமனைத் தூக்கி உட்காரவைத்து, கட்டைகளைக் குறுக்கே போட்டான்.

"திருவள்ளூர்தான நைனா? ஒரு மணி நேரத்துல கொண்டுபோயிட்றேன், பயப்படாத."

துளசிராமன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். தோல் உரிந்த இடத்தைச் சுற்றிலும் சிவப்பு. சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் எழுத்து பாதி தெரிந்தது. அதை மெல்லக் கூட்டிப் படித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது.

"இல்லடா. மொதல்ல வாரியத்துக்கு உடு. நகலு அப்பிடியே அசல் மாதிரி வந்துட்ச்சி. ஒரு நிமிஷம், காட்டிட்டுப் போயிடலாம்."